சின்னத்தாயி போட்ட கல்

பெங்களூர் தண்டு மார்க்கெட்டில் கல் போட்டால் போட்டதுதான். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. பேரப்பிள்ளைக்குக் காது குத்தப் போகிறவர், ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறவர், அவசரமாக ஒதுங்கப் போகிறவர், யாராயிருந்தாலும் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்வரை அங்கே ஈ உட்காரும், நாய் உட்காரும், இன்னொரு வியாபாரி உட்கார மாட்டார். எலுமிச்சம்பழம் விற்கிற குளோரியா வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வருவாள். பதினைந்து நாள் அவள் இடத்தில் கல்தான் உட்கார்ந்திருக்கும். கொரோனாவுக்கு மார்க்கெட்டை இழுத்துப் பூட்டினார்களே, அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே வெறும் கற்கள்தான் வியாபாரம் பார்த்தன. பூட்டைத் திறந்த அன்று அவரவர் கல்லை அவரவர் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு சண்டையில்லை, ஒரு போலீஸ் இல்லை.

பதினேழாம் எண் இடம் சின்னத்தாயியுடையது. நீலசந்திராவிலிருந்து விடிவதற்கு முன்னே வந்து முப்பத்தொரு வருஷமாக அங்கே உட்கார்ந்து கீரை விற்கிறாள். இந்த ஊர்ப் பேச்சில் கீரைக்குச் சொப்பு என்று பெயர், அவளுக்குச் சொப்புக்காரம்மா என்று பெயர். அவளுடைய கல் மற்றவர்கள் கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்ட குவியலிலிருந்து ஒரு நாள் தூக்கி வந்தாள். மேல்பக்கம் தட்டையாக இருந்ததால் கீரையின் வேரைக் கழிக்கிற கத்தியை அதில்தான் தீட்டுவாள். தீட்டித் தீட்டி அதில் பத்திருபது கீறல் விழுந்திருந்தது. ஆயுத பூஜைக்குத் தராசுக்குப் பொட்டு வைக்கும்போது கல்லுக்கும் ஒரு பொட்டு வைப்பாள். அவ்வளவுதான் அந்தக் கல்லின் சரித்திரம்.

இப்படி இருந்த மார்க்கெட்டின் தலையில் நீர்வழிப் பாரம்பரிய அனுபவ வாரியம் வந்து விழுந்தது. பெங்களூரில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது, ஆறில்லாத ஊரில் நீர்வழிக்கு எதற்கய்யா வாரியம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்களை வாரியம் ஆலோசனைக் குழுவில் போட்டுக்கொண்டது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மாரப்பன கெரே என்ற ஏரியில் படகில் ஏறி ஊரின் சரித்திரத்தைப் பார்ப்பது, பிறகு தண்டு மார்க்கெட்டுக்கு வந்து பாரம்பரியச் சந்தையைத் தரிசிப்பது, இதுதான் திட்டம். மார்க்கெட் தரிசனத்துக்கு ஆன பிறகு அதில் கண்டவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? நாற்பத்திரண்டு வியாபாரிகளுக்கும் பாரம்பரிய வியாபாரி அட்டை கொடுப்பதாக உத்தரவு போட்டார்கள். அட்டை இல்லாதவர் சனிக்கிழமைத் திறப்பு விழாவிலிருந்து மார்க்கெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

அட்டை வாங்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சுற்றுலாப் பயணி தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதை வியாபாரி பயணியாக இருந்து ஒரு முறை பார்த்தாக வேண்டும். அதாவது படகில் ஏற வேண்டும், ஏரியைச் சுற்ற வேண்டும், பிறகு மார்க்கெட்டுக்கு வந்து தன்னைத்தானே வேடிக்கை பார்த்துவிட்டு அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் வெளிநாட்டுக்கெல்லாம் போய் வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்தோரு பேர் ஆறு ஆறு பேராகப் போய்விட்டு வந்துவிட்டார்கள். சின்னத்தாயிக்கு அவள் முறை வந்த அன்று காய்ச்சல். விழாவுக்கு முன்னால் கடைசிப் பயணம் வியாழக்கிழமை, வெளியாட்களை ஏற்றிச் சோதனை பார்க்கிற பயணம், அதில் வராவிட்டால் பதினேழாம் எண் ரத்து என்று சீட்டு வந்தது. அவள் மகள் லாவண்யா வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். புருஷன் சரியில்லாமல் கைப்பிள்ளையோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டவள். கீரைக் கூடை ஒரு நாள் இறங்காவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு யோசிக்கும். சின்னத்தாயிக்கு அந்த இடம்தான் புருஷன், பென்ஷன், எல்லாம்.

வியாழக்கிழமை காலையில் ஆனேக்கல் வேன் கொண்டு வந்து இறக்கிய சொப்பை ஈரச் சாக்கில் சுற்றி குளோரியாவிடம் ஒப்படைத்தாள்.

"தண்ணி தெளிச்சுக்கினே இரு. சப்சிகே கீரை சீக்கிரம் வதங்கிடும்," என்றாள்.

"நான் பாத்துக்கறேன் போ. அங்க ஒன்னும் பயப்படாத. ஏறுறதும் எறங்குறதும்தான், நடுவுல ஒன்னும் இல்ல," என்றாள் குளோரியா.

சின்னத்தாயி தன் இடத்தைப் பெருக்கினாள். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி நடுவில் வைத்தாள். அன்றைக்கு மார்க்கெட்டில் போட்டிருந்த ஒரே கல் அதுதான். மற்ற எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாரப்பன கெரேயின் வாசலில் அவளுக்கு ரோஜா இதழ் தூவி வரவேற்பு நடந்தது. பிறகு ஒரு தொப்பி கொடுத்தார்கள். கழுத்தில் 'மதிப்புக்குரிய விருந்தினர் 9' என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். ரக்ஷிதா என்ற பெண் மைக்கோடு நின்றிருந்தாள். அவள்தான் வழிகாட்டி. சிரித்த வாய் மூடாமல் பேசுவதற்குப் பயிற்சி பெற்றவள்.

"ஆண்ட்டி, இந்த ஃபார்ம்ல நீங்க எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கன்னு சொல்லணும்."

"நீலசந்திரா."

"அது லிஸ்ட்ல இல்ல ஆண்ட்டி. வெளியூர், வெளிமாநிலம், வெளிநாடு, மூணுதான் இருக்கு."

"நான் இங்கயே இருக்கறவம்மா. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப வெளியூர்னு போட்டுக்கறேன்," என்று ரக்ஷிதா போட்டுக்கொண்டாள்.

மற்ற விருந்தினர்கள் பதினோரு பேர். ரிட்டயர் ஆன பாங்க் மேனேஜர்கள், கம்பெனியில் வேலை பார்க்கிற கிஷோர், கிருத்திகா என்ற இளம் தம்பதி, இன்னும் சிலர். எல்லாருக்கும் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. நடுக்கடலில் சுறா மீன் தென்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பாதுகாப்பு அங்கி நான்குதான் இருந்தது. ஒருவர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்ததும் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். சின்னத்தாயியின் முறை வந்தபோது அது முன்னால் போட்ட இரண்டு பேரின் வேர்வையில் நனைந்திருந்தது. அவளும் போட்டாள், சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள், கழற்றினாள்.

படகின் பெயர் ஜலராணி. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தாள். குறை சொல்வதற்கில்லை, அவளால் நகர முடியாது, அவ்வளவுதான். ஏரியில் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கரையிலிருந்து கரைக்கு ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. அது இல்லாத மூலையில் வெள்ளை வெளேரென்று நுரை ஆளுயரத்துக்கு நின்றது. சுற்றியிருக்கிற அடுக்குமாடிகளின் சோப்புத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து சேர்கிறது. மோட்டாரைப் போட்டால் கொடி சுற்றிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே வாரியம் யோசித்து ஜலராணியின் அடியில் லாரி டயர்களைக் கொடுத்து, நாலு பக்கமும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது.

எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் சங்கு ஊதினார்கள். படகின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு ஒருவர் நின்று மெல்ல ஆட்ட ஆரம்பித்தார்கள். மல்லிகை வாசனை ஸ்பிரேயை ஒரு பெண் சீட்டுக்குச் சீட்டு அடித்துக்கொண்டு போனாள். அது ஏரியின் நாற்றத்தோடு கலந்து குமட்டியது.

"நாம இப்போ புறப்பட்டுட்டோம்," என்றாள் ரக்ஷிதா மைக்கில்.

சின்னத்தாயி எட்டிப் பார்த்தாள். ஏறிய படிக்கட்டு அப்படியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் இடது பக்கக் கரையில் ஒரு கோட்டை நடந்து வந்தது. பிளெக்ஸ் துணியில் அச்சடித்த கோட்டை. மூங்கில் சட்டத்தில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். கோட்டை மெதுவாகப் படகைத் தாண்டிப் போனது. "உங்க இடப்பக்கம் கோட்டை பாருங்க, எவ்வளவு கம்பீரம்," என்றாள் ரக்ஷிதா. அடுத்து அரண்மனை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோபுரம், ஒரு சர்ச், ஒரு தர்கா, வரிசையாக வந்தன. படகு நின்றது, சரித்திரம் நடந்தது. விருந்தினர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

கோட்டைக்குக் கீழே தெரிந்த கால்களைச் சின்னத்தாயிக்கு அடையாளம் தெரிந்தது. அவள் தெருவில் கடைசி வீட்டுக்காரன் அவன், பெயின்ட் வேலைக்குப் போகிறவன். இடது காலில் பெருவிரல் கிடையாது. பாவம், முழங்கால் வரை சேறு. அவன் கோட்டையைக் கொண்டுபோய் மறுகரையில் வைத்துவிட்டு, திரும்பி ஓடி வந்து தர்காவுக்குத் தோள் கொடுத்தான். அவளுக்கு அவனைக் கூப்பிடவும் கூச்சமாக இருந்தது, கூப்பிடாமலிருக்கவும் மனசு கேட்கவில்லை. தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

காற்று திரும்பியது. மூலையில் நின்ற நுரை பிய்ந்து பறந்து வந்து படகுக்குள் விழுந்தது. கிருத்திகாவின் தலையில் ஒரு கொத்து உட்கார்ந்தது. அவள் அலறுவதற்குள் ரக்ஷிதா முந்திக்கொண்டாள்.

"இது பனிப்பொழிவு அனுபவம். சீசன்ல மட்டும்தான் கிடைக்கும். நீங்க ரொம்ப லக்கி."

கிருத்திகா அலறுவதை விட்டுவிட்டு கிஷோரிடம் செல்போனைக் கொடுத்தாள். சின்னத்தாயிக்குக் கை அரித்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சொப்புக்குக் குளோரியா தண்ணீர் தெளித்திருப்பாளா என்று நினைத்தாள்.

பிறகு வாரியத்தின் இணை இயக்குநர் கோவிந்தப்பா எழுந்தார். ஜரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். அவர் பேச ஆரம்பித்ததும் படகை ஆட்டுகிறவர்கள் மரியாதைக்காக ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"விருந்தினர்களே, சில பேர் கேட்கறாங்க, படகு ஏன் நகரலன்னு. நான் கேட்கறேன், நகர்ந்து என்ன சாதிச்சோம்? இந்த ஊர்ல எல்லாரும் நகர்ந்துக்கினே இருக்காங்க, டிராஃபிக் ஆகுது. நிக்கறதுதான் நம்ம பாரம்பரியம். இன்னும் சில பேர், ஏரியை ஏன் சுத்தம் பண்ணலன்னு கேட்கறாங்க. சுத்தம் பண்ணிட்டா அது சாதாரண ஏரி. சாதாரண ஏரியைப் பார்க்க யார் வருவாங்க? மார்க்கெட்டும் அப்படித்தான். நூறு வருஷமா அங்க வியாபாரம் நடந்து நடந்து மார்க்கெட்டே தேஞ்சு போச்சு. வியாபாரிங்ககிட்டேர்ந்து மார்க்கெட்டைக் காப்பாத்தறதுதான் நம்ம வாரியத்தோட முதல் கடமை. ஒன்னே ஒன்னுதான் எனக்குக் குறை. மூன்றாம் கட்ட நிதி வரணும்னா பாதையில ஒரு பழஞ்சின்னமாவது இருக்கணும்னு விதி. ஃபார்ம்ல அந்தக் கட்டம் மட்டும் எட்டு மாசமா காலியா இருக்கு. எங்க ஆலோசகர் டாக்டர் சிவசங்கரன் இப்பகூட மார்க்கெட்லதான் தேடிக்கினு இருக்கார்."

இந்த இடத்தில் அவருடைய செல்போன் அடித்தது. மைக்கை மூடாமலே பேசினார். "ஹேளி சார். ஏனு, சிக்தா? கல்லா? எஷ்டு ஹளேது? அய்யோ தேவரே." அவர் முகம் அகல விரிந்தது. கன்னடம் தெரியாத கிஷோருக்காக உடனே தமிழில் திருப்பிச் சொன்னார். "கிடைச்சுடுச்சு. மார்க்கெட்ல ஒரு பழங்காலக் கல்லு கிடைச்சிருக்கு. முந்நூறு வருஷத்துக்கும் மேல. நீங்கதான் அதை முதல்ல பார்க்கப் போற விருந்தினர்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். சின்னத்தாயியும் தட்டினாள். நம்ம மார்க்கெட்டில் அப்படி ஒரு கல்லா, இத்தனை வருஷம் கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஏரிக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே வாய்க்கால் இருந்ததாக வாரியத்தின் வரைபடம் சொன்னது. வாய்க்கால் இருந்த இடத்தில் மால் இருந்தது. ஆகவே விருந்தினர்களை ஏசி பஸ்ஸில் ஏற்றினார்கள். மார்க்கெட்டைத் திடீரென்று பார்த்தால்தான் அனுபவம் முழுமையாகும் என்று ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷமாகப் பின்வாசல் வழியே கூடையோடு நுழைந்தவளை அன்று முன்வாசலில் இறக்கி, நெற்றியில் சந்தனம் இட்டார்கள்.

உள்ளே பெயின்ட் வாசனை அடித்தது. வியாபாரிகள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தலைப்பாகையும் கண்டாங்கிச் சேலையும் கொடுத்து உடுத்த வைத்திருந்தார்கள். வெங்காயக்காரர் அவளைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற வாரியத்து ஆள் முறைக்கவே, தூக்கிய கையால் கும்பிட்டு, "வாங்க, வருக," என்றார். அவளும் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பக் கும்பிட்டாள்.

பதினான்கு, பதினைந்து, பதினாறு. அடுத்த இடத்தில் கூட்டம் நின்றது. நாலு பித்தளைக் கம்பம் நட்டு சிவப்புப் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு அவளுடைய கல் உட்கார்ந்திருந்தது. 'தொடாதீர். உட்காராதீர். மீறினால் தண்டனை' என்று மூன்று மொழியில் பலகை இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் குளோரியா முகம் வெளுத்துப்போய் நின்றாள். அவள் காலடியில் ஈரச் சாக்கு இருந்தது.

டாக்டர் சிவசங்கரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசினார். நல்ல தமிழ்.

"இந்தக் கீறல்களைக் கவனியுங்கள். படைவீரர்கள் போருக்குப் புறப்படுமுன் வாள் தீட்டிய தடங்கள் இவை. இந்தக் குங்குமச் செம்மையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வழிபாடு நடந்திருக்கிறது. முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெருக்கடியான சந்தை, காலடி வைக்க இடமில்லை. ஆனால் இந்தக் கல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒருவர்கூட உட்காரவில்லை. பக்கத்து வியாபாரிகளைக் கேட்டேன். கல் இருக்கும் இடத்தில் உட்கார மாட்டோம், அது எங்கள் வழக்கம் என்றார்கள். எப்பேர்ப்பட்ட பயபக்தி. இந்தக் கல்லுக்கு உரியவர் யார் என்பதை மட்டும் காலம் விழுங்கிவிட்டது."

காலம் விழுங்கிய ஆள் அவருக்கு மூன்றடி தள்ளி விருந்தினர் ஒன்பது என்ற அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சார், அது என் கல்லு," என்றாள் சின்னத்தாயி.

"நம்ம எல்லாரோட கல்லும்தான் அம்மா. நாட்டோட சொத்து," என்று கோவிந்தப்பா சிரித்தார்.

"அப்படி இல்ல சார். நான் போட்ட கல்லு. காலைல எடத்துக்குப் போட்டுட்டு உங்க படகுக்கு வந்தேன். மெட்ரோ தோண்டறப்போ தூக்கினு வந்தது. அந்தக் கோடெல்லாம் கத்தி தீட்டினது. குங்குமம் நான் வெச்சது. இதோ நிக்கறா பாருங்க குளோரியா, அவளைக் கேளுங்க."

"மாதா சத்தியமா அவ கல்லுதான் சார். நானும் காலைலேர்ந்து கத்திக்கினுதான் இருக்கேன், யாரு கேக்கறாங்க," என்றாள் குளோரியா.

விருந்தினர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. கிஷோர் செல்போனைக் கீழே இறக்கினான். ரக்ஷிதா சட்டென்று அவர்களைப் பானகம் வழங்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கோவிந்தப்பா சின்னத்தாயியைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, குரலைத் தாழ்த்திப் பொறுமையாகத்தான் பேசினார்.

"நோடம்மா, இங்க பாரு. அந்தக் கல்லு உன்னிது இல்லன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. நீ விருந்தினர், பார்த்தே, சந்தோஷப்பட்டே, சர்டிஃபிகேட் வாங்கிக்கினு போறே. உன்னிதுதான்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மெட்ரோ மண்ணுலேர்ந்து கல்லை எடுத்து, கீறல் போட்டு, குங்குமம் வெச்சு, பழஞ்சின்னம் மாதிரி செஞ்சு வாரியத்தை ஏமாத்தினேன்னு ஆகும். டாக்டர் கையெழுத்து போட்டாச்சு. கமிட்டி போட்டாச்சு. சனிக்கிழமை மந்திரி வர்றார்."

"நான் யாரை சார் ஏமாத்தினேன்? எடத்துக்கு ஒரு கல்லு போட்டேன். எல்லாரும் போடறதுதான்."

"அதைச் சத்தமா சொல்லாதே. பொது இடத்தைக் கல்லு போட்டுப் பிடிச்சேன்னு நீயே ஒத்துக்கறே. அது வேற செக்‌ஷன்."

"சரி சார், கல்லை நீங்களே வெச்சுக்கங்க. கொண்டுபோய் உங்க ஆபீஸ்ல வெச்சு பூஜை பண்ணுங்க. என் எடத்த குடுங்க."

"அது எப்படியம்மா? கல்லு கிடைச்ச இடத்துலதான் இருக்கணும். நகர்த்தினா மதிப்பு போச்சு. சுத்தி நாலடிக்கு யாரும் உட்காரக் கூடாது."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

இந்தக் கேள்விக்கு வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை. கோவிந்தப்பா உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ காலைல வராம இங்கயே உட்கார்ந்திருந்தா கல்லு கிடைச்சே இருக்காது."

"வரலைன்னா எடம் ரத்துன்னு நீங்கதான சார் சீட்டு குடுத்தீங்க?"

"ஆமாம். வந்தே, ரத்து ஆகல. இடம் அப்படியேதான் இருக்கு. பார், யாருக்கும் கொடுக்கல."

சின்னத்தாயி கத்தலாம் என்று நினைத்தாள், கீழே புரண்டு அழலாம் என்று நினைத்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தோரு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எல்லாருடைய அட்டையிலும் சனிக்கிழமைதான் முத்திரை விழ வேண்டும். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அவள் இடத்தில் அவர்கள் இருந்தால் அவளும் தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருப்பாள்.

ஒரு தாளை நீட்டினார்கள். மேற்படி கல்லுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதை இன்றுதான் முதன்முதலில் பார்த்து மகிழ்ந்ததாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அட்டை, போடாவிட்டால் அட்டை கிடையாது. அட்டையில்லாவிட்டால் சனிக்கிழமைக்குப் பிறகு மார்க்கெட்டின் வாசல்கூடக் கிடையாது. லாவண்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மாவுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த ஆறு எழுத்து அவளுக்குத் தெரியும். சின்னத்தாயி என்று நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

அட்டை உடனே கிடைத்தது. வாரியத்தின் வேலையில் குறை சொல்ல முடியாது, லேமினேஷன் எல்லாம் பிரமாதம். பெயர் சரியாக இருந்தது, போட்டோவில் பாதுகாப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இட எண் என்பதற்கு எதிரே 'பொருந்தாது' என்று போட்டிருந்தது.

போகும்போது ரக்ஷிதா ஓடி வந்தாள். கையில் டேப்லெட் வைத்திருந்தாள். "ஆண்ட்டி, ஒரே நிமிஷம். இன்னைக்கு அனுபவத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? படகா, பனிப்பொழிவா, பழங்காலக் கல்லா?"

அந்தப் பெண்ணுக்கு லாவண்யாவின் வயதுதான் இருக்கும். மாதம் முடிந்தால் இவளுக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

"உனக்கு எது வேணுமோ அதைப் போட்டுக்கம்மா."

"அப்ப கல்லுன்னு போட்டுக்கறேன்," என்று ரக்ஷிதா போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சின்னத்தாயி பின்வாசல் வழியே கூடையோடு வந்தாள். குளோரியா எலுமிச்சம்பழக் கூடையை இடுப்போடு இழுத்துக்கொண்டு பாதி இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அது இரண்டு பேர் உட்காருகிற இடம் இல்லை. சின்னத்தாயி ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பாதி, தரையில் பாதியாகக் கட்டுகளை அடுக்கினாள்.

"ராத்திரி எல்லாரும் அவங்கவங்க கல்ல தூக்கினு போய் சாக்கடை மோரில போட்டுட்டாங்க," என்றாள் குளோரியா. "என்னுதயும் போட்டுட்டேன். இருவது வருஷத்துக் கல்லு."

அன்றைக்கு மார்க்கெட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. டீ கைக்குக் கை மாறி வந்தது. வெங்காயக்காரருக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி போய் வர வேண்டிய உடம்பு. பதினொரு மணிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஆள், நான் பார்த்துக்கறேன் போ என்று சொல்லியும் அவர் அசையவில்லை. வழக்கம் இருந்தபோது ஆள் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஆள் இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

மத்தியானம் ரக்ஷிதா விழா ஒத்திகைக்கு ஒரு கூட்டத்தோடு வந்தாள். சாப்பாட்டு நேரத்திலும் ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதைக் காட்டி, இவர்களுடைய தொழில் பக்தி நூற்றாண்டுகளாக மாறாதது என்று மைக்கில் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. குளோரியாவின் முழங்கை சின்னத்தாயியின் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது, கால் மரத்துப் போயிருந்தது, வயிறு முட்டிக்கொண்டிருந்தது. எழுந்தால் இந்தப் பாதியும் போய்விடுமோ என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலடி தள்ளி, பட்டுக் கயிற்றுக்குள்ளே, மாலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாயியின் இடத்தை அந்தக் கல் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது.